வெளிச்சந்தை பிரேக் டிஸ்க்கில் சத்தம்: காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

கார் கம்பெனியின் பெட்டியில் வராத, வேறொரு உற்பத்தியாளர் செய்த டிஸ்க்கை மாட்டிய மறுநாளே சத்தம் வந்தால் எல்லோரும் முதலில் டிஸ்க்கைத்தான் திட்டுவார்கள். கழற்றிப் பார்த்தால் குற்றம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்: சக்கரமும் டிஸ்க்கும் உட்காரும் நடுப்பகுதியான ஹப்பின் முகத்தில் துரு, டிஸ்க்குக்குப் பின்னால் வளைந்த தகரம், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டையான பேட் தேய்ந்து பழையதானது, ‘பின்’ (pin) எனும் இரும்புத் தண்டு வறண்டுபோனது. டிஸ்க்கே கோளாறாக இருப்பதும் உண்டு. ஆனால் அதை அளந்துதான் சொல்ல முடியும். காதால் கேட்டு மட்டும் சொன்னால் நல்ல டிஸ்க்கைத் தூக்கி எறிந்துவிட்டு, அடுத்த டிஸ்க்கிலும் அதே சத்தத்தைக் கேட்க வேண்டிவரும்.

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், பேட்டுகளை டிஸ்க்கோடு அழுத்தும், ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் வைத்துப் பின்களில் நகரும் காலிப்பர்: நம் சாலைகளில் அதிகம் ஓடும் சின்னக் கார்களின் இந்த அமைப்பை வைத்தே கீழே உள்ளவை எழுதப்பட்டுள்ளன. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். கழற்றாமலே கண்டுபிடிக்கக் கூடியவை முதலில் வருகின்றன. கழற்றினால் அழிந்துபோகும் தடயங்கள் அடுத்து. அளவு எடுப்பது கடைசியில்.

## 1. ஓட்டிப் பார்க்கக் கூடாத நிலைகள்

மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறதா, பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, சக்கரத்தில் கருகல் வாடை அடிக்கிறதா, இரும்பும் இரும்பும் அரைபடும் ‘கறகற’ கேட்கிறதா? சத்தத்தோடு இவற்றில் ஒன்று இருந்தாலும் ரோட்டுக்கு எடுக்க வேண்டாம். நேராக 5-ஆம் படிக்குப் போங்கள்.

அடுத்து, வீல் நட்டுகளை டார்க் ரென்ச்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) சரிபாருங்கள். டிஸ்க் மாற்றிய வண்டியில் மெதுவாகப் போகும்போது ‘கடகட’ என்றால் முதல் சந்தேகம் தளர்ந்த நட்டுதான். ஹப் முகத்தில் இருந்த துருச் செதில் ஓடும்போது நசுங்கினால், சரியாக முறுக்கிய நட்டும் தளரும். சின்னக் கார்கள் பலவற்றுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை கேட்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே முடிவு.

## 2. கையில் இருக்க வேண்டியவை

ஜாக்கி, அதோடு இரண்டு ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தடியில் கை விடக் கூடாது. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடைக்கக் கட்டை அல்லது கல்.

12, 14, 17 மி.மீ. சாக்கெட்டுகள், டார்க் ரென்ச், கம்பி பிரஷ், 120 நம்பர் எமரி ஷீட், பிரேக் கிளீனர் ஸ்பிரே, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான பீலர் கேஜ், கனம் அளக்க 0 – 25 மி.மீ. மைக்ரோமீட்டர், சுழலும் டிஸ்க்கின் ஆட்டத்தை முள்ளால் காட்டும் காந்த அடியுள்ள டயல் கேஜ், மார்க்கர் பேனா, காலிப்பரைத் தொங்கவிட ஒரு துண்டுக் கம்பி. கிரீஸ் இரண்டு வேண்டும்: பின்களுக்கு ரப்பரைக் கெடுக்காத சிலிகான் கிரீஸ், பேட்டின் பின்தகட்டுக்குச் சூடு தாங்கும் பிரேக் கிரீஸ். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸைப் பின்னில் தடவினால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப்போகும். சில வாரங்களிலேயே பின் இறுகும், அதன் பிறகு புதுச் சத்தம் ஒன்று சேரும்.

டயல் கேஜ் இல்லாமலும் 8-ஆம் படி வரை போகலாம். பெரும்பாலான சத்தம் அதற்குள் பிடிபட்டுவிடும்.

## 3. சத்தத்தை வகை பிரித்தல்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதுதான் புதிதாகச் செய்பவர்கள் செய்யும் பெரிய தவறு. சக்கரத்தைக் கழற்றி, எல்லாவற்றையும் துடைத்து, கிரீஸ் போட்டு மாட்டிவிடுவார்கள். சத்தம் போய்விட்டால் ஏன் போனது என்று தெரியாது. திரும்ப வந்தால் எங்கே தொடங்குவது என்றும் தெரியாது.

ஆள் நடமாட்டம் இல்லாத, ஒரு பக்கம் நீளமான காம்பவுண்டு சுவர் உள்ள தெருவைத் தேர்ந்தெடுங்கள். ஏசி, பாட்டு, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்து, சுவர்ப் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, 20 கி.மீ. வேகத்தில் சுவரை ஒட்டிப் போங்கள். சக்கரத்தின் சத்தம் சுவரில் பட்டுத் தெளிவாகத் திரும்பும். திரும்பி வரும்போது மறுபக்கத்துச் சக்கரம் சுவர்ப் பக்கம் வரும். எந்தப் பக்கம் என்ற கேள்வி இதிலேயே தீர்ந்துவிடும். இதைக் காலையில் எஞ்சின் போட்டவுடன் ஒருமுறையும், பத்து கி.மீ. ஓடிச் சூடான பின் ஒருமுறையும் செய்யுங்கள்.

மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். வேகம் கூடினால் சத்தத்தின் எண்ணிக்கை கூடுகிறதா? மிதியை லேசாகத் தொட்டால் மாறுகிறதா? ஸ்டியரிங்கைத் திருப்பினால் மாறுகிறதா?

முதல் கேள்விக்கு ஒரு கணக்கு உதவும். 165/80 ஆர்14 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர். 20 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 5.5 மீட்டர் போகிறது, சக்கரம் நொடிக்குக் கிட்டத்தட்ட மூன்று சுற்று. அந்த வேகத்தில் ‘சரக்… சரக்… சரக்’ என்று நொடிக்கு மூன்று முறை கேட்டால், சுற்றுக்கு ஒருமுறை ஏதோ உரசுகிறது என்று அர்த்தம். வேகம் கூடினாலும் குறைந்தாலும் ஒரே சுருதியில் ‘கீச்’ என்றால் அது சுற்றைச் சேர்ந்தது அல்ல, அதிர்வைச் சேர்ந்தது. இந்த ஒரு வேறுபாடு வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும்.

மிதிக்காதபோது ‘சரக் சரக்’, மிதித்தால் குறைகிறது. டிஸ்க் லேசாகச் சாய்ந்து சுழல்கிறது, அதன் ஒரு பகுதி மட்டும் பேட்டைத் தொட்டுவிட்டுப் போகிறது. ஹப் முகத்தில் துரு அல்லது டிஸ்க்கில் ரன் அவுட், அதாவது சுழலும்போது பக்கவாட்டில் ஆட்டம். 7, 9-ஆம் படிகள்.

மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே மாதிரி ‘சர்ர்ர்’, தகர ஓசை. டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தகரம் உரசுகிறது, அல்லது இடையில் கல். 5-ஆம் படி.

மிதிக்காதபோது மெல்லிய ‘கிர்ர்ர்’, மிதித்தால் நின்றுவிடுகிறது. பேட் தேய்ந்ததை அறிவிக்கும் சிறு தகட்டு நாக்கு டிஸ்க்கைத் தொடுகிறது. பேட் தேயாமலே இது நடக்கலாம், 6-ஆம் படியில் விளக்கம்.

மிதிக்கும்போது மட்டும் ‘கீச்ச்ச்’. உராய்வில் பேட்டும் டிஸ்க்கும் காலிப்பரும் சேர்ந்து அதிர்கின்றன. கோயில் மணிக்கு நாதம் இருப்பதுபோல ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தன் சுருதி உண்டு. உள்ளே ஓடும் காற்றுத் தடுப்புகளின் எண்ணிக்கை, ஹப்பின் மேல் கவிழும் நடுத் தொப்பியின் கனம், வார்ப்பிரும்பில் உள்ள கரியின் அளவு இவை மாறினால் சுருதி மாறும். கரி அதிகமுள்ள வார்ப்பிரும்பு அதிர்வை நன்றாக அடக்கும். அதனால்தான் பழைய டிஸ்க்கில் அமைதியாக இருந்த அதே பேட், அளவு மாறாத புது டிஸ்க்கில் கத்தலாம். 6, 10, 12-ஆம் படிகள்.

ரிவர்ஸ் எடுத்தபின் முன்னால் போய்ப் பிரேக் போட்டால் ஒரே ஒரு ‘டொக்’. பேட் தன் இருக்கையில் ஆடுகிறது. பேட்டை இருக்கையில் பிடிக்கும் தகட்டு கிளிப் இல்லை, அல்லது தளர்ந்திருக்கிறது.

மிதித்தபடி மெதுவாகும்போது சீரான ‘டிக் டிக்’. டிஸ்க்கின் மேல் லேத் விட்ட சுருள் கோடு. 10-ஆம் படி.

ஆட்டோமேட்டிக் வண்டியில், கியர் ‘டி’-யில் இருக்க நின்று மிதியை மெல்ல விடும்போது ‘உர்ர்’. பேட் பிடித்துப் பிடித்து விடுகிறது. மிதியை முழுதாக விட்டால் நின்றுவிட்டால் கோளாறு இல்லை. இரும்புத் தூள் அதிகமுள்ள பேட்டில் இது கூடுதல்.

இரவு மழைக்குப் பின், அல்லது கடலோர ஊர்களில், காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்கு ‘நறநற’. டிஸ்க்கின் மேல் ஒரே இரவில் பூத்த துரு. அதைத் தொடவே வேண்டாம்.

கோடு வெட்டிய அல்லது துளையிட்ட டிஸ்க்காக இருந்தால், வேகத்தில் பிரேக் போடும்போது ‘விர்ர்ர்’ என்ற முனகல் அந்த டிஸ்க்கின் இயல்பு. கோடுகளின் விளிம்பு பேட்டைத் தாண்டும் ஓசை அது. அதை ஒழிக்க வழியில்லை, கோடில்லாத டிஸ்க்குக்கு மாறுவதைத் தவிர. துத்தநாகப் பூச்சுள்ள சாம்பல் நிற டிஸ்க்குகளும் பேட் படும் இடத்தில் பூச்சு தேயும்வரை, அதாவது சில பத்து பிரேக்குகளுக்கு, சரசரக்கும்.

## 4. பிரேக்கைச் சேராதவற்றை ஒதுக்குதல்

வீல் பேரிங் போனால் ‘ஊ…’ என்று ஊளை, வேகத்தோடு ஏறும். 50 – 60-ல் காலியான சாலையில் மெல்ல இடது, வலது என்று வளைத்தால், எடை ஏறும் பக்கத்துப் பேரிங் சத்தமாகும். வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் சந்தேகம் இடப்பக்கப் பேரிங் மேல். பிரேக் மிதிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகப் போகும்போது மட்டும் ‘டக் டக் டக்’ என்றால் ஆக்சிலின் வெளி மூட்டு. எஞ்சின் போட்டுக் கிளம்பியதும் ஒரே ஒரு முறை மிதியடியில் ‘ஜ்ர்ர்’ என்றால் ஏபிஎஸ் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. இவை மூன்றையும் டிஸ்க் மேல் போட்டுப் பணம் செலவழித்தவர்கள் நிறையப் பேர்.

## 5. சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரைத் தொடாமல் பார்த்தல்

நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்தி, பிறகு தூக்கி ஸ்டாண்டு வையுங்கள். சத்தம் வரும் பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். மறுபக்கம் அப்படியே இருக்கட்டும், எது எப்படி இருந்தது என்ற சந்தேகம் வந்தால் அதுதான் உங்கள் மாதிரி.

சக்கரம் போனதும் டிஸ்க்கைப் பிடித்திருப்பது, இருந்தால், ஒரு சின்னத் திருகு மட்டும்தான். பல வண்டிகளில் அதுவும் இருக்காது. எனவே இரண்டு நட்டை வாஷரோடு போட்டு டிஸ்க்கை ஹப்போடு இறுக்குங்கள். இறுக்காமல் சுற்றினால் டிஸ்க் சாய்ந்து இல்லாத உரசலைக் காட்டும்.

இப்போது கையால் மெல்லச் சுற்றுங்கள். சுற்றிக்கொண்டே காதை டிஸ்க்கின் பின்பக்கம் கொண்டுபோங்கள். பின்னால் உள்ள தகரம், அதாவது டஸ்ட் ஷீல்ட், ஒரு மி.மீ.க்கும் குறைவான கனம் கொண்டது. பழைய டிஸ்க்கைச் சுத்தியலால் தட்டி எடுக்கும்போது கை பட்டாலே வளையும். உரசும் இடத்தில் தகரத்தில் பளபளப்பான கோடு இருக்கும். அந்த இடத்தை விரலாலோ நீண்ட ஸ்குரூ டிரைவராலோ வெளியே தள்ளுங்கள். எங்கும் 2 – 3 மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். டிஸ்க்குக்கும் தகரத்துக்கும் நடுவில் கல் சிக்கியிருந்தால் டிஸ்க்கைப் பின்னோக்கிச் சுற்றுங்கள், பெரும்பாலும் தானே விழுந்துவிடும்.

அடுத்து பீலர் கேஜ். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் உட்புறத்துக்கும் டிஸ்க்குக்கும் இருபுறமும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு பக்கம் 4, மறுபக்கம் 1 என்று வந்தால் டிஸ்க்கின் தொப்பி உயரம் உங்கள் வண்டிக்கு உரியதல்ல, அல்லது டிஸ்க் முழுதாக உட்காரவில்லை. வெளி விளிம்பையும் பாருங்கள். பேட்டின் மேல் விளிம்பு டிஸ்க்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த நீட்டல் தேயாமல் படிபோல நின்று, நாளை டிஸ்க்கின் ஓரத்தில் உரசும்.

இவற்றையெல்லாம் போனில் படம் எடுத்துவைத்த பிறகு காலிப்பரைத் தொடுங்கள்.

## 6. பேட், கிளிப், பின்

காலிப்பரின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றி மேலே திருப்பலாம், அல்லது இரண்டையும் கழற்றிக் கம்பியில் தொங்கவிடலாம். பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். ரப்பர் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது, பிறகு பிரேக் பிடித்தபடியே நிற்கும்.

பேட்டின் முகத்தைப் பாருங்கள். வரிவரியாகப் பள்ளம் இருந்தால் அது பழைய டிஸ்க்கின் அச்சு. புது டிஸ்க்கோடு பழைய பேட்டை மாட்டினால் மேடுகள் மட்டுமே தொடும். தொடும் இடம் சிறியதாக இருப்பதால் அதிரும், ‘கீச்’ வரும், பிரேக்கும் குறையும். புது டிஸ்க்குக்குப் புது பேட். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பேட்டின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் அதிகச் சூட்டில் இறுகியிருக்கிறது. எமரி ஷீட்டைச் சமமான தரையில் விரித்து எட்டு வடிவில் தேய்த்தால் லேசான பளபளப்பு போகும். கறுத்து, எண்ணெய்ப் பசை தெரிந்தால் தேய்த்துப் பயனில்லை. புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயைக் கழுவாமல் மாட்டினால் இப்படி ஆகும். பேட்டுக்குள் ஊறிய எண்ணெய் சூட்டில் திரும்பத் திரும்ப வெளியே வரும். அந்த ஜோடியை மாற்றித்தான் ஆக வேண்டும்.

தேய்மானம் அறிவிக்கும் நாக்கு பெரும்பாலும் உள்பக்கத்துப் பேட்டில் இருக்கும். இடதுவலது மாறி மாட்டினாலோ, மாட்டும்போது வளைந்தாலோ, பேட் முழுதாக இருக்கும்போதே அது தொடும். மிதிக்காதபோது ‘கிர்ர்ர்’ என்று நீங்கள் எழுதிவைத்தது இதுதானா என்று பாருங்கள்: நாக்கின் நுனி பளபளப்பாக இருக்கும், டிஸ்க்கில் அதே உயரத்தில் மெல்லிய வட்டக் கோடு ஒன்று ஓடும்.

கிளிப்புகளைக் கழற்றி, அவை உட்காரும் பள்ளத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டுங்கள். கிளிப்புக்கு அடியில் துரு கட்டினால் கிளிப் உள்நோக்கித் தள்ளப்படும், பேட்டின் காது இறுகும். பேட்டைக் கையால் வைத்தால் விரலின் அழுத்தத்தில் வழுக்க வேண்டும். சுத்தியல் கேட்டால் தவறு, லொடலொடத்தாலும் தவறு.

பின்களை வெளியே இழுத்துத் துடையுங்கள். மேல்பின், கீழ்ப்பின் இரண்டும் ஒன்றல்ல என்பதை மறக்காதீர்கள். பல காலிப்பர்களில் ஒன்றின் நுனியில் மட்டும் ரப்பர் வளையம் இருக்கும். மாற்றி மாட்டினால் காலிப்பர் சாய்வாக நகரும், ஒரு பேட் மட்டும் தேயும். ஒவ்வொரு பின்னுக்கும் அரைப் பட்டாணி அளவு சிலிகான் கிரீஸ் போதும். நிறைய அடைத்தால் உள்ளே காற்று அடைபட்டுப் பின் ஸ்பிரிங் போலத் திரும்பி வரும்.

பேட்டின் பின்தகட்டில் பிஸ்டன் தொடும் இடத்திலும், இரண்டு காதுகளிலும் பிரேக் கிரீஸை நகத்தின் கனத்துக்கும் குறைவாகப் பூசுங்கள். பேட்டின் பின்னால் ஷிம் எனும் மெல்லிய தகடு இருந்தால் தவறாமல் திரும்ப மாட்டுங்கள், ‘கீச்’சை அடக்கும் முதல் ஆயுதம் அதுதான். சத்தம் அடங்கட்டும் என்று டிஸ்க்கிலோ பேட் முகத்திலோ எண்ணெய், ஸ்பிரே, கிரீஸ் எதையும் போடக் கூடாது. அது உயிரோடு விளையாடுவது.

## 7. டிஸ்க்கை எடுத்து ஹப் முகத்தைச் சுத்தம் செய்தல்

பிராக்கெட்டின் இரண்டு போல்ட்டையும் கழற்றினால் டிஸ்க் வெளியே வரும். இறுகியிருந்தால், தொப்பியில் மரையுள்ள இரண்டு துளைகள் இருக்கிறதா பாருங்கள். ஜப்பான், கொரியா வழி வந்த கார்களில் பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட் ஏறும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக முறுக்கினால் டிஸ்க் தானே கழன்று வரும், சுத்தியல் தேவையில்லை.

எடுப்பதற்கு முன் ஒரு ஸ்டட்டுக்கும் (நட்டு ஏறும் ஹப்பின் மரைத் தண்டு) அதன் துளைக்கும் மார்க்கரால் குறி வையுங்கள். 9-ஆம் படியில் இந்தக் குறி வேண்டும்.

இப்போது ஹப் முகம். துருவைப் பார்த்துச் ‘சின்னதுதானே’ என்று விடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஹப்பின் விட்டம் 140 மி.மீ., அதன் ஓரத்தில் 0.05 மி.மீ. கனத்தில் ஒரு துருச் செதில். அதன் மேல் உட்காரும் டிஸ்க்கை 240 மி.மீ. விட்டத்தில் அளந்தால் சாய்வு 0.085 மி.மீ. தலைமுடியின் கனம் அளவுக்கு வந்துவிட்டது. குறை சொல்ல முடியாத டிஸ்க்கும் இதில் ஆடித்தான் சுழலும்.

கம்பி பிரஷ்ஷால் ஹப்பின் முழு முகத்தையும், ஸ்டட்டுகளின் அடியைச் சுற்றியும், நடுவில் நிற்கும் வளையத்தின் வேரையும் சுரண்டுங்கள். ஸ்டட்டின் அடியில்தான் துரு ஒளிந்திருக்கும். எமரியால் ஒருமுறை துடைத்து, விரல்நகத்தால் தடவிப் பாருங்கள், எங்கும் தடுக்கக் கூடாது. உலோகத்தைத் தேய்த்துக் குறைக்க வேண்டாம், துரு போனால் போதும். கிரைண்டர் வேண்டவே வேண்டாம். டிஸ்க்கின் உட்பக்கத் தொப்பியையும் பாருங்கள், பெயிண்ட் திரண்டிருந்தாலோ வார்ப்பின் பிசிறு இருந்தாலோ எடுத்துவிடுங்கள்.

## 8. இது உங்கள் வண்டிக்குரிய டிஸ்க்தானா?

ஒரே மாடல் காரில் ஆண்டுக்கும் எஞ்சினுக்கும் ஏற்ப இரண்டு மூன்று டிஸ்க் அளவுகள் வருவது சாதாரணம். கடையில் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் மாறிவிடும். பழைய டிஸ்க்கைப் பக்கத்தில் வைத்து நான்கு அளவைப் பாருங்கள்: விட்டம், கனம், மொத்த உயரம், நடுத் துளை.

நடுத் துளை ஹப்பின் வளையத்தில் கையால் தள்ளினால் ஏறி, ஆடாமல் நிற்க வேண்டும். தளர்ந்து ஆடினால் டிஸ்க் மையம் விலகி உட்காரும். பிரேக் போடாதபோதே 80 – 100 வேகத்தில் நடுக்கம் வரும், வீல் பேலன்ஸ் செய்தாலும் போகாது. மொத்த உயரம் மாறினால் 5-ஆம் படியில் பார்த்த இருபக்க இடைவெளி ஏற்றத்தாழ்வாகும். இவை இரண்டுக்கும் வைத்தியம் இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும்.

தொப்பியிலோ விளிம்பிலோ குறைந்தபட்சக் கனம் மி.மீ.-ல் பொறித்திருக்கும். புது டிஸ்க்கிலும் அதைப் படியுங்கள். அந்த எண் பழைய டிஸ்க்கில் உள்ளதிலிருந்து வேறுபட்டால் தவறான அளவு வாங்கியிருக்கிறீர்கள் என்பதற்கு அது எளிய சாட்சி.

உள்ளே காற்றுத் தடுப்புகள் நேராக இல்லாமல் வளைந்திருந்தால் அந்த டிஸ்க்குக்கு இடது, வலது உண்டு. வண்டி முன்னால் போகும்போது தடுப்புகள் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பின்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். மேலே வெட்டிய கோட்டின் திசையை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் மாறும். மாறி மாட்டினால் காற்று சரியாக ஓடாது, டிஸ்க் சூடாகும், சூட்டைத் தொடர்ந்து சத்தமும் வரும்.

## 9. டயல் கேஜ்: குற்றம் டிஸ்க்கிலா, ஹப்பிலா?

முதலில் சக்கரப் பேரிங்கில் ஆட்டம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். டிஸ்க்கை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ‘டக்’ என்று நகரக் கூடாது. பேரிங் ஆடினால் டயல் கேஜ் சொல்வது எல்லாம் பொய்.

டிஸ்க்கைக் குறியின்படி மாட்டி, எல்லா நட்டையும் வாஷரோடு போட்டு, எதிரெதிராக 40 நியூட்டன் மீட்டர் அளவில் ஒரே மாதிரி முறுக்குங்கள். கேஜின் காந்த அடியை சஸ்பென்ஷனின் கனமான இரும்பில் ஒட்டி, முள்ளை வெளி விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே செங்குத்தாக வையுங்கள். மெல்ல ஒரு சுற்று. மிகக் குறைந்த இடத்தில் பூஜ்யம் வைத்து, இன்னொரு சுற்றில் மிக உயர்ந்த எண்ணைப் படியுங்கள். அந்த இடத்தை மார்க்கரால் டிஸ்க்கிலும், அந்த இடத்துக்கு நேராக உள்ள ஸ்டட்டிலும் குறியுங்கள்.

பல கார்களின் கையேடு 0.05 முதல் 0.10 மி.மீ. வரை ஏதோ ஓர் எல்லை சொல்லும். கையேடு கிடைக்காவிட்டால் 0.05-க்குள் இருந்தால் நிம்மதி, 0.10-ஐத் தாண்டினால் விடக் கூடாது.

அளவு அதிகமாக வந்ததும் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். நட்டுகளைக் கழற்றி, டிஸ்க்கை அரைச் சுற்று, அதாவது நான்கு ஸ்டட் ஹப்பில் இரண்டு துளை, திருப்பி மாட்டி மறுபடி அளவெடுங்கள். உயர்ந்த இடம் டிஸ்க்கில் வைத்த குறியோடு சேர்ந்து போனால் குற்றம் டிஸ்க்கில். குறியை விட்டுவிட்டு அதே ஸ்டட்டின் நேரே நின்றால் குற்றம் ஹப்பில்: துரு மிச்சமிருக்கிறது, அல்லது ஹப்பே வளைந்திருக்கிறது. இரண்டுமாக இல்லாமல் எண்ணே குறைந்துவிட்டால், ஹப்பின் சாய்வும் டிஸ்க்கின் சாய்வும் ஒன்றையொன்று சமன் செய்யும் நிலையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்த நிலையிலேயே மாட்டலாம்.

மைக்ரோமீட்டரால் கனத்தையும் எடுங்கள். விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, சம இடைவெளியில் எட்டு இடம். எட்டும் 0.015 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். 0.02-ஐத் தாண்டினால் மிதி காலுக்கடியில் துடிக்கும். புது டிஸ்க்கில் கன வேறுபாடு அரிது. மாட்டிய முதல் நாளே மிதி துடித்தால் ஹப், நட்டு முறுக்கு, பேட் ஒட்டல் இவற்றைப் பாருங்கள். நன்றாக இருந்து சில ஆயிரம் கி.மீ.க்குப் பின் துடிக்கத் தொடங்கினால், மாட்டும்போதே ரன் அவுட் இருந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேட்டில் உரசி மெலிந்திருக்கிறது.

## 10. மேற்பரப்பு

டிஸ்க்கை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். இசைத்தட்டைப் போல ஒரே சுருள் கோடு விளிம்பிலிருந்து நடுவுக்கு ஓடினால், லேத் வேகமாக ஓடிய வேலை. பேட் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே நகரும், ஓரம் வந்ததும் துள்ளித் திரும்பும். அதுதான் ‘டிக் டிக்’.

120 நம்பர் எமரியைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றி, டிஸ்க்கைச் சுழற்றாமல் சின்னச் சின்ன வட்டமாக ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு நிமிடம் தேய்த்தால் கோடுகள் குறுக்குமறுக்காக மாறும். மட்டம் கெடும் அளவுக்கு அழுத்தக் கூடாது. தேய்த்தபின் பிரேக் கிளீனர் அடித்து, வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி அழுக்காகாமல் வரும்வரை துடைப்பது அவசியம், எமரித் துகள் பேட்டில் புதைந்தால் அதுவே புதுக் கீச்சலுக்கு விதை.

## 11. திரும்ப மாட்டும் வரிசை

டிஸ்க், இரண்டு நட்டால் பிடிப்பு, பிராக்கெட், கிளிப், பேட், காலிப்பர். பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். நிறைந்திருந்தால் ஊசிக்குழலால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள், வழிந்தால் பெயிண்டை அரித்துவிடும். பிஸ்டன் கை அழுத்தத்திலோ சி-கிளாம்ப்பின் மெல்லிய முறுக்கிலோ போக வேண்டும். முரண்டு பிடித்தால் பிஸ்டன் துருவேறியிருக்கிறது. சத்தத்துக்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

சின்னக் கார்களில் காலிப்பர் போல்ட் பொதுவாக 25 – 35, பிராக்கெட் போல்ட் 80 – 110 நியூட்டன் மீட்டர். இங்கும் கையேட்டின் எண்ணே முடிவு. வீல் நட்டை நட்சத்திர வரிசையில், பாதி அளவு ஒருமுறை, முழு அளவு ஒருமுறை என இரண்டு சுற்றாக முறுக்குங்கள். நட்டு முறுக்கும் காற்றுத் துப்பாக்கியால் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தால், நீங்கள் கஷ்டப்பட்டு 0.03-க்குக் கொண்டுவந்த டிஸ்க் மறுபடி சாய்ந்துவிடும்.

வண்டியை நகர்த்தும் முன் மிதியைப் பலமுறை அழுத்துங்கள். முதல் அழுத்தம் தரைவரை போகும், பிஸ்டன் பேட்டைத் தொட்ட பிறகே பிடிக்கும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்துச் சுவரில் இடித்த வண்டிகள் உண்டு.

## 12. பேட்டையும் டிஸ்க்கையும் பழக்குதல்

புது ஜோடி ஒன்றோடொன்று பொருந்த, பேட்டின் மெல்லிய படலம் ஒன்று டிஸ்க் முழுக்கச் சீராகப் படிய வேண்டும். காலியான சாலையில் 60-லிருந்து 20-க்கு நிதானமான அழுத்தத்தில் பத்து முறை குறையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை நிமிடம் ஓடவிடுங்கள். முழுதாக நிறுத்தக் கூடாது. முடிந்ததும் அதிகம் பிரேக் போடாமல் பத்து நிமிடம் ஓட்டிக் குளிரவிடுங்கள்.

சூடான டிஸ்க்கில் மிதியை அழுத்தியபடி சிக்னலில் நின்றால் பேட்டின் அச்சு அந்த இடத்தில் ஒட்டிவிடும். பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு துடிப்பு. சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு மிதியை விடுங்கள், அது பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். சூடான டிஸ்க்கில் குழாய்த் தண்ணீர் அடிப்பதும் வேண்டாம். முதல் 200 – 300 கி.மீ.க்கு அவசரம் இல்லாமல் கடுமையாக மிதிக்க வேண்டாம்.

அதுவரை வரும் லேசான ‘கீச்’சை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

## 13. இன்னும் சத்தம் இருந்தால்

இரண்டு டிஸ்க்கையும், திசையில்லாத வகையாக இருந்தால், இடம் மாற்றி மாட்டுங்கள். உரசலோ துடிப்போ டிஸ்க்கோடு மறுபக்கம் போனால் டிஸ்க்கின் குற்றம். அங்கேயே நின்றால் ஹப் அல்லது காலிப்பர். ‘கீச்’சுக்கு இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது, பேட்டும் டிஸ்க்கும் மறுபடி பழக வேண்டியிருப்பதால் புதிதாகவே கீச்சிடலாம்.

பத்து கி.மீ. ஓட்டிவந்து இரு டிஸ்க்கின் சூட்டையும் அகச்சிவப்பு வெப்பமானியால் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 40 – 50 டிகிரி வித்தியாசம் என்றால் சூடான பக்கத்தில் பிஸ்டனோ பின்னோ விடாமல் பிடிக்கிறது.

எல்லாம் சரியாக இருந்து ‘கீச்’ மட்டும் மிஞ்சினால் டிஸ்க்கை விட்டுவிட்டு பேட்டின் வகையை மாற்றுங்கள். இரும்புத் தூள் அதிகமுள்ள பேட்டிலிருந்து செராமிக் அல்லது இரும்பு குறைந்த வகைக்குப் போனால் அதிர்வின் தன்மையே மாறும். முன்பின் ஓரங்கள் சரிவாகச் சீவப்பட்ட, பின்னால் ஷிம் ஒட்டிய பேட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

டிஸ்க்கே தவறு என்று 8 அல்லது 9-ஆம் படியில் தெரிந்தால், கடைக்குப் போகும்போது ‘சத்தம் வருது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். முதலில் மாட்டியபோது ரன் அவுட் எவ்வளவு, அரைச் சுற்று திருப்பியபின் எவ்வளவு, எட்டு இடத்துக் கனம் என்ன, இவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, டயல் கேஜ் முள்ளின் படத்தோடு கொடுங்கள். சுத்தம் செய்த ஹப்பின் படமும் அதோடு இருக்கட்டும். ‘ஹப்பில் துரு இருந்திருக்கும்’ என்பதுதான் கடைக்காரர் சொல்லும் முதல் பதிலாக இருக்கும்.